'நம்பர் வன்' என்பது அனுமதி அல்ல: ஹனேடா விபத்தும் மாணவ விமானிகளின் தரைப் பாடமும்

2024 ஜனவரி 2ஆம் திகதி மாலை. டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் ஜப்பான் கரையோரக் காவல் படையின் டேஷ்-8 ரக விமானம் ஒன்று ஓடுபாதையை நோக்கி மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தது. அதற்கு முதல் நாள்தான் நோட்டோ தீபகற்பத்தைப் பெரும் பூமியதிர்ச்சி தாக்கியிருந்தது. நீகாட்டாவுக்கு நிவாரணப் பொருட்களைக் கொண்டுசெல்வது இந்த விமானத்தின் பணி. உள்ளே ஆறு பேர் இருந்தனர்.

கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து ஆங்கிலத்தில் வந்த பணிப்பு மிகச் சுருக்கமானது. மாலை வணக்கம், நம்பர் வன், சி-5 காத்திருப்புப் புள்ளி வரை செல்லவும். அவ்வளவுதான். விமானத்திலிருந்து அது சரியாகத் திருப்பிச் சொல்லப்பட்டது. கூடவே ஒரு நன்றியும். ஆனால், விமானம் சி-5இல் நிற்கவில்லை. ஓடுபாதைக்குள் நுழைந்து ஏறத்தாழ 40 விநாடிகள் அங்கே நின்றது. சப்போரோவிலிருந்து 379 பேருடன் வந்த ஜப்பான் எயார்லைன்ஸின் ஏ350 விமானம், மாலை 5.47 அளவில் அதே ஓடுபாதையில் இறங்கி அதன்மீது மோதியது.

கரையோரக் காவல் விமானத்தில் இருந்த ஐவர் உயிரிழந்தனர். கப்டன் மட்டும் படுகாயங்களுடன் தப்பினார். பயணிகள் விமானம் முற்றாக எரிந்துபோவதற்கு முன்னர், 18 நிமிடங்களுக்குள் அதிலிருந்த அனைவரும் வெளியேறிவிட்டனர். உலக ஊடகங்கள் இந்த இரண்டாவது செய்தியையே பெரிதாகப் பேசின. பேச வேண்டிய செய்திதான், மறுப்பதற்கில்லை. ஆனாலும் நிவாரணம் கொண்டுபோன ஐந்து பேர், வானில் ஏறும் முன்னரே, தரையில் வைத்து ஏன் இறந்தார்கள் என்பது விமானம் ஓட்டக் கற்கும் ஒவ்வொருவரும் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

ஜப்பானின் போக்குவரத்து அமைச்சு விபத்துக்கு மறுநாளே வானொலி உரையாடலின் எழுத்து வடிவத்தை வெளியிட்டது. அதில் ஓடுபாதைக்குள் நுழையலாம் என்பதற்கு ஒரு சொல்கூட இல்லை. கப்டனோ, தமக்கு அனுமதி கிடைத்ததாகவே நம்பியிருந்தார். 2024 டிசெம்பரில் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை வெளியிட்ட இடைக்கால அறிக்கை மூன்று விடயங்களைச் சேர்த்துச் சொல்கிறது. கரையோரக் காவல் விமானத்தினர் அனுமதி கிடைத்ததாக நினைத்தார்கள். விமானம் ஓடுபாதையில் நிற்பதைக் கோபுரம் கவனிக்கவில்லை. தரையிறங்கிய விமானிகளும் இருட்டில் அதனைக் காணவில்லை. நிவாரணப் பணி என்பதால் தமக்கு முன்னுரிமை தந்து 'நம்பர் வன்' என்றார்கள் என்று தாம் எண்ணியதாகக் கப்டன் விசாரணையாளர்களிடம் கூறியிருக்கிறார்.

'நம்பர் வன்' என்பது புறப்படும் வரிசையில் நீங்கள் முதலாவது என்ற தகவல். வைத்தியசாலையில் உங்கள் துண்டில் 1 என்று எழுதியிருந்தாலும், உள்ளிருந்து கூப்பிடும்வரை கதவைத் திறக்க மாட்டீர்கள் அல்லவா? அதுபோலத்தான். ஆனால், அவசரத்தில் இருக்கிற, தன் பணி முக்கியமானது என்று உணர்ந்திருக்கிற ஒரு மனிதரின் காதில் அந்தச் சொல் வேறு விதமாக விழுந்துவிட்டது. விபத்து நடந்து ஒரு வாரத்துக்குள் ஜப்பான் அந்தச் சொல்லின் பயன்பாட்டைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது.

இந்த விபத்தைப் பற்றி, யாழ்ப்பாணத்திலிருந்து சென்று விமானப் பயிற்சி பெற்றுவரும் தம்பி ஒருவருடன் பேசிக்கொண்டிருந்தேன். பெற்றோர் காணியை ஈடுவைத்துப் படிக்கவைக்கிறார்கள். அவர் சொன்னார்: "மேல ஏறினாப் பிறகு பயமில்லை அக்கா. கீழ நிக்கேக்கதான் பயம். அவை சொல்லி முடிக்கிறதுக்குள்ள நான் பாதிய மறந்திடுவன். திருப்பிக் கேட்டா என்ன நினைப்பினமோ எண்டு 'ரோஜர்' எண்டு சொல்லிப்போடுவன்."

விமானப் பயிற்சி என்றவுடன் நாம் நினைப்பது மேலெழுவதையும் இறங்குவதையும்தான். மாணவருக்கும் அதே நினைப்பு. பயிற்சிக் கட்டணமும் மணித்தியாலக் கணக்கில் கரைகிறது, கீழே ஊர்ந்து திரிவதில் யாருக்குப் பொறுமை? ஆனால், விமானம் நிறுத்தப்பட்டிருக்கும் இடத்துக்கும் ஓடுபாதைக்கும் இடையில் 'டக்ஸிவே' எனப்படும் இணைப்புப் பாதைகளின் வலை ஒன்று இருக்கிறது. பெரிய விமான நிலையங்களில் அது ஒரு சிறு நகரத்தின் தெருக்களைப் போல் பின்னிக் கிடக்கும். அந்தத் தெருக்களுக்குப் பெயர் ஆங்கில எழுத்துகளில். ஐ, ஓ, எக்ஸ் ஆகிய மூன்று எழுத்துகள் மட்டும் பயன்படுத்தப்படுவதில்லை; முதலிரண்டும் ஒன்று, பூச்சியம் என்ற இலக்கங்களோடு குழம்பும், மூன்றாவது மூடப்பட்ட பாதையின் அடையாளம்.

பலகைகளின் நிறமே அவற்றின் மொழி. கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து என்றால், நீங்கள் இப்போது நிற்கும் பாதையின் பெயர் அது. மஞ்சள் பின்னணியில் கறுப்பு எழுத்தும் அம்புக்குறியும் என்றால், அந்தப் பக்கம் திரும்பினால் வரும் பாதையின் பெயர். சிவப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து என்றால், அனுமதி இல்லாமல் இதற்கு அப்பால் போகக்கூடாது. ஓடுபாதையின் வாசலில் நிற்பது இந்தச் சிவப்புப் பலகைதான். அதில் ஓடுபாதையின் எண் இருக்கும். பலாலி ஓடுபாதை 05/23 என்றால், ஒரு திசையில் அது காந்தத் திசைகாட்டியில் ஏறத்தாழ 50 பாகையையும் மறுதிசையில் 230 பாகையையும் நோக்குகிறது என்று பொருள். கட்டுநாயக்கவில் 04/22. பலகையின் இடப்பக்கம் எழுதப்பட்ட எண்ணுக்குரிய முனை உங்கள் இடப்பக்கத்தில் இருக்கிறது. இதைக் கவனிக்காமல் தவறான முனைக்குத் திரும்பிய மாணவர்கள் உண்டு.

பலகையோடு சேர்ந்து தரையில் நான்கு மஞ்சள் கோடுகள் குறுக்கே வரையப்பட்டிருக்கும். இரண்டு தொடர்கோடு, இரண்டு விட்டுவிட்டு வரைந்த கோடு. தொடர்கோடு உங்கள் பக்கம் இருந்தால் நில். ஓடுபாதையிலிருந்து வெளியே வரும்போது உங்கள் பக்கம் இருப்பது விட்டுவிட்டு வரைந்த கோடு. அதைக் கடந்து, விமானத்தின் வால் முழுவதும் கோட்டுக்கு இப்பால் வந்த பிறகே நீங்கள் ஓடுபாதையை விட்டு வெளியேறியவர்.

சிவப்புப் பலகையை வாசிக்க எமக்கு யாரும் பெரிதாகச் சொல்லித்தரத் தேவையில்லை. மீள்குடியேற்றத்தின்போது வன்னியில் மண்டையோடு போட்ட மிதிவெடிப் பலகைகளைப் பார்த்து நடந்தவர்களுக்கு, ஒரு பலகைக்கு இந்தப் பக்கம் என்பதும் அந்தப் பக்கம் என்பதும் எவ்வளவு தூரம் என்று தெரியும். ஆனால், அதே ஊர்களில் இன்னொன்றையும் கண்டோம். வெடி அகற்றி முடிந்த காணியில் பலகை மட்டும் கழற்றப்படாமல் நின்றது. பிறகு அதனடியில் ஆடு கட்டினார்கள். அப்படிப்பட்ட ஒரு பலகையைப் பார்த்துப் பழகிய கண் அடுத்த பலகையை எப்படிப் பார்க்கும் என்ற கவலை அப்போது எனக்கு இருந்தது. மிலானில் நடந்ததை வாசித்தபோது அந்தக் கவலைதான் திரும்ப வந்தது.

2001 ஒக்டோபர் 8ஆம் திகதி, இத்தாலியின் மிலான் லினாட்டே விமான நிலையத்தை அடர்ந்த பனிமூட்டம் மூடியிருந்தது. சிறிய செஸ்னா ஜெட் ஒன்றுக்கு ஆர்-5 பாதையால் வடக்கே செல்லும்படி சொல்லப்பட்டது. அதனைச் சரியாகத் திருப்பிச் சொன்ன விமானிகள், தெற்கே போய் ஓடுபாதையைக் குறுக்கறுக்கும் ஆர்-6 பாதையில் திரும்பினார்கள். வழியில் தரையில் கண்ட எஸ்-4 என்ற குறியைக் கோபுரத்துக்கு அறிவித்தார்கள். தொலைந்துபோன ஒருவர் தான் நிற்கும் இடத்தின் பெயரைச் சொல்கிறார். இதைவிட வேறு என்ன செய்ய முடியும்? ஆனால், எஸ்-4 என்று ஒன்று இருப்பது கட்டுப்பாட்டாளருக்குத் தெரியாது. அவரிடமிருந்த வரைபடத்தில் அது இல்லை. பழைய தரை ராடர் அகற்றப்பட்டிருந்தது, புதியது இன்னும் இயங்கத் தொடங்கவில்லை. ஆர்-6இல் சிவப்பு விளக்கு வரிசை ஒன்று இருந்தது. ஆனால், அதைக் கோபுரத்திலிருந்து ஏற்றவோ அணைக்கவோ வழியில்லை. எப்போதும் எரியும் சிவப்பு விளக்கு நிற்கச் சொல்கிறதா, வெறுமனே எரிகிறதா என்று பனிமூட்டத்தில் யார் பிரித்தறிவார்? செஸ்னா அதைக் கடந்து ஓடுபாதைக்குள் போனது. புறப்பட்டுக்கொண்டிருந்த ஸ்கண்டிநேவிய விமானம் அதில் மோதிப் பயணப்பொதிக் கட்டடத்துக்குள் பாய்ந்தது. 118 பேர் இறந்தார்கள். அவர்களில் நால்வர் அந்தக் கட்டடத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள்.

செஸ்னா விமானிகள் மீது தவறே இல்லை என்று சொல்ல வரவில்லை. அந்த அளவு பனிமூட்டத்தில் அங்கே பறக்க அவர்களுக்கு உரிய தகுதி இருக்கவில்லை. ஆனால், பலகையை ஒழுங்காகப் படி என்று மாணவரிடம் சொல்லும் உரிமை, படிக்கத்தக்க பலகையை நட்டவருக்கே உண்டு.

தரை அனுமதியை எப்படிக் கேட்பது என்பதுதான் இதில் கடினமான பகுதி. அனுமதி ஒன்றில் வழமையாக மூன்று விடயங்கள் இருக்கும்: யாருக்கு, எந்தப் பாதைகளின் வழியே, எதுவரை. மாணவர்கள் முதலிரண்டையும் பிடித்துக்கொள்கிறார்கள். தவறவிடுவது மூன்றாவதை. எதுவரை என்பதே அனுமதியின் எல்லை. அதற்கு அப்பால் ஓர் அடியும் உங்களுக்குத் தரப்படவில்லை. ஹனேடாவில் சி-5 என்பது அந்த எல்லை.

மாணவர்களை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. சொற்களின் பொருளே நிலையாக இருந்ததில்லை. அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டு நடுப்பகுதி வரையில், இன்ன ஓடுபாதைக்குச் செல்லவும் என்று கோபுரம் சொன்னால், வழியில் வரும் மற்ற ஓடுபாதைகளைக் கடக்கும் அனுமதியும் அதற்குள் அடங்கியதாகக் கொள்ளப்பட்டது. பிறகுதான் ஒவ்வொரு ஓடுபாதையைக் கடப்பதற்கும் தனித்தனியே வெளிப்படையாக அனுமதி வேண்டும் என்று விதி மாறியது. சொல்லாததை அனுமதியாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் ஒரு காலத்தில் விதியாகவே இருந்தது என்பது இதன் பொருள்.

1977 மார்ச் 27ஆம் திகதி டெனெரிஃபில் 583 பேர் இறந்த விபத்திலும் இதே கதைதான். கேனரித் தீவுகளின் பிரதான விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால், விமானங்கள் லோஸ் ரோடியோஸ் என்ற சிறிய நிலையத்துக்குத் திருப்பிவிடப்பட்டன. அங்கும் பனிமூட்டம். பான் ஆம் ஜம்போ விமானத்திடம் மூன்றாவது வழியால் ஓடுபாதையை விட்டு வெளியேறும்படி சொன்னார்கள். ஆனால், அந்த வழிகளில் பெயர்ப் பலகை எதுவும் இல்லை. எண்ணிக்கொண்டு போக வேண்டியதுதான். அவர்கள் மூன்றாவதைக் கடந்து நான்காவதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது, எதிரே கேஎல்எம் விமானம் புறப்பாட்டு அனுமதி இல்லாமலே வேகமெடுத்து வந்தது. தாம் புறப்பாட்டில் இருப்பதாகக் கேஎல்எம் சொன்னதைக் கோபுரம் புறப்படத் தயாராக நிற்கிறார்கள் என்று விளங்கிக்கொண்டு, ஓகே என்றது. அடுத்த வார்த்தைகள் வானொலி இரைச்சலில் தெளிவாகக் கேட்கவில்லை. அதன் பிறகே 'டேக்-ஓஃப்' என்ற சொல்லை, உண்மையில் அந்த அனுமதியைக் கொடுக்கும்போதும் திருப்பிச் சொல்லும்போதும் அல்லது அதை இரத்துச் செய்யும்போதும் தவிர வேறெங்கும் பாவிக்கக்கூடாது என்ற ஒழுங்கு வந்தது.

இங்கே ஒரு மாணவர் கேட்கக்கூடும்: திருப்பிச் சொல்வதால் என்ன பயன்? ஹனேடாவிலும் லினாட்டேயிலும் சரியாகத்தானே திருப்பிச் சொன்னார்கள்? நியாயமான கேள்வி. 2025 பெப்ரவரி 25ஆம் திகதி சிகாகோவின் மிட்வே விமான நிலையத்தில் நடந்ததைப் பார்ப்போம். தனியார் ஜெட் ஒன்றுக்கு ஓர் ஓடுபாதையைக் கடந்து அடுத்த ஓடுபாதைக்கு முன்னால் நிற்கும்படி சொல்லப்பட்டது. விமானி பிழையாகத் திருப்பிச் சொன்னார். கட்டுப்பாட்டாளர் திருத்தினார். இரண்டாவது தடவை சரியாகச் சொன்னார்கள். பிறகும் நிற்காமல் கடந்துவிட்டார்கள். தரையைத் தொடவிருந்த சவுத்வெஸ்ட் விமானத்தின் விமானிகள் அதைக் கண்டு மீண்டும் மேலே எழுந்ததால்தான் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மாணவர்கள் அல்லர் அவர்கள்; தொழில்முறை விமானிகள்.

திருப்பிச் சொல்வது காதுக்கும் வாய்க்கும் இடையிலான சோதனை மட்டுமே. கண்ணையும் காலையும் அது சோதிப்பதில்லை. அதனால்தான் நல்ல பயிற்றுநர்கள் மாணவரின் முழங்காலில் ஒரு தாளைக் கட்டிவிடுகிறார்கள். இயந்திரத்தை இயக்கும் முன்னரே விமான நிலையத்தின் வரைபடத்தை விரித்து, எந்த வழியால் அனுப்புவார்கள் என்று ஊகிக்கச் சொல்கிறார்கள். அனுமதி வந்ததும் அதை எழுதி, வரைபடத்தில் விரலால் ஓட்டிப் பார்த்து, நிற்க வேண்டிய இடத்தில் குறுக்குக்கோடு ஒன்றைக் கீறிய பின்னரே பிரேக்கை விடவேண்டும். விமானம் ஊரும்போது பட்டியல் வாசிப்பது, அடுத்த அலைவரிசையைத் தேடுவது எதுவும் கூடாது. ஒவ்வொரு பலகையையும் வாய்விட்டு வாசிக்க வேண்டும். வழி தவறினால், ஓடுபாதைக்கு வெளியே என்றால், நின்ற இடத்திலேயே நின்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் மாணவர்கள் முதல் அழைப்பிலேயே தாம் மாணவ விமானி என்று அறிவிக்கும்படி ஊக்குவிக்கப்படுகிறார்கள்; திருப்பத்துக்குத் திருப்பம் வழிசொல்லும்படி கேட்கவும் அவர்களுக்கு வழியுண்டு. கேட்பவரை யாரும் ஏளனம் செய்வதில்லை என்று சொல்ல மாட்டேன். வேலைப்பளு மிக்க கோபுரங்களில் எரிச்சலோடு பதில் வருவதும் உண்டு. அந்த எரிச்சலைத் தாங்கிக்கொள்ளவும் மாணவருக்குப் பழக்க வேண்டியிருக்கிறது.

எமது பிள்ளைகளுக்கு இது இரட்டிப்புச் சுமை. சோதனைச்சாவடிகளில் வளர்ந்த ஒரு தலைமுறைக்கு, சீருடையில் இருப்பவர் சொன்னதைத் திருப்பிக் கேட்கக்கூடாது, தலையாட்டிவிட்டு நகர வேண்டும் என்பது உயிர்காக்கும் பாடமாக இருந்தது. பெற்றோரிடமிருந்து அது பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதிகாரக் குரல் ஒன்று வேகமான ஆங்கிலத்தில் ஏதோ சொல்ல, விளங்காமலே 'ரோஜர்' என்று பதில் வருவது அந்தத் தலையாட்டலின் இன்னொரு வடிவம் என்றே எனக்குத் தோன்றுகிறது. 'ரோஜர்' என்றால் நீங்கள் சொன்னது கிடைத்தது என்பது மட்டுமே. விளங்கியது என்றோ, செய்கிறேன் என்றோ அதற்குப் பொருள் இல்லை. ஓடுபாதை சம்பந்தப்பட்ட பணிப்புகளுக்கு அது பதிலாகவும் ஏற்றுக்கொள்ளப்படுவதில்லை.

ஆங்கிலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2008 மார்ச் முதல் சர்வதேச சேவைகளின் விமானிகளுக்கும் கட்டுப்பாட்டாளர்களுக்கும் குறைந்தது நான்காம் நிலை மொழித் தேர்ச்சியைக் கட்டாயமாக்கியது. பரீட்சையில் தேறுவது வேறு, இயந்திர இரைச்சலுக்குள் அரைகுறையாகக் கேட்கும் குரலைப் பிடிப்பது வேறு. ஹனேடாவில் பேசியவர்கள் இரு தரப்பும் ஜப்பானியர்கள். பேசிய மொழி ஆங்கிலம். தரைப் பலகைகளும் அனுமதியின் அமைப்பும் ஒரு தடவையாவது தாய்மொழியில் விளக்கப்பட்டால் மாணவர் அவற்றை வேகமாகப் பற்றிக்கொள்வார் என்பது என் எண்ணம். வானொலியில் பேசுவது ஆங்கிலத்தில்தான், அதில் மாற்றமில்லை. ஆனால், ஏன் நிற்க வேண்டும் என்பதைத் தமிழில் விளங்கிக்கொள்வதற்கு எந்த விதியும் தடையில்லை.

ஹனேடாவுக்குத் திரும்புவோம். சி-5இல் சிவப்பு நிறுத்த விளக்குகள் அன்று பாவனையில் இருக்கவில்லை. அந்தத் தெளிவான இரவில் அவை இருந்திருந்தாலும் ஏற்றப்பட்டிருக்காது என்று அமைச்சு சொன்னது; பார்வைத்தூரம் குறையும்போது மட்டும் அவற்றை ஏற்றுவது வழக்கமாம். ஓடுபாதையில் வேறொரு விமானம் நிற்கிறது என்று கட்டுப்பாட்டாளரின் திரை நிறம் மாற்றிக் காட்டியது. ஒலி எழுப்பவில்லை. அவர் அதைக் கவனிக்கவில்லை. டோக்கியோ பொலிஸார் தொழில்சார் கவனயீனம் என்ற கோணத்தில் தனியாகவும் விசாரணை தொடங்கினர். லினாட்டே விபத்தில் 2004இல் கட்டுப்பாட்டாளர் ஒருவருக்கும் விமான நிலைய அதிகாரிகள் உட்படச் சிலருக்கும் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் சிலர் விடுவிக்கப்பட்டனர்.

விமான விபத்து விசாரணை குறித்த சர்வதேச விதி, விசாரணையின் நோக்கம் குற்றம் சுமத்துவதல்ல, மீண்டும் நடக்காமல் தடுப்பதே என்கிறது. நீதிக்காகக் காத்திருக்கும் எமக்கு அந்த வசனம் உடனே உவப்பாக இருப்பதில்லை. ஐந்து உயிர் போயிருக்கிறது, யாரும் பொறுப்பில்லையா என்றே முதலில் கேட்கத் தோன்றுகிறது. ஆனால், மறுநாளே உரையாடலை வெளியிட்டதையும், ஓராண்டுக்குள் அரச படை ஒன்றின் விமானியின் தவறையும் அரச கோபுரத்தின் தவறையும் ஒரே அறிக்கையில் எழுதிவைத்ததையும் பார்க்கும்போது, பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஒரு பட்டியலைக்கூட வாங்க முடியாமல் வீதியோரப் பந்தல்களில் இருக்கும் தாய்மாரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. இரண்டும் வெவ்வேறு விடயங்கள்தான். இருந்தாலும் நினைவு வருகிறது.

போன கிழமை அந்தத் தம்பி மறுபடி அழைத்தார். தனியாகப் பறக்கும் நாள் நெருங்குகிறதாம். முழங்கால் தாளில் இப்போது அனுமதியை எழுதுவதில்லை, படமாகக் கீறுகிறாராம். கடைசியில் ஒரு சிவப்புக் கோடு. முதல் நாள் கோட்டுக்கு முன்னால் நின்று, விளங்கவில்லை, மறுபடி சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார். கோபுரத்திலிருந்து ஒரு பெருமூச்சு கேட்டதாம். பிறகு மெதுவாக, சொல் சொல்லாக, மறுபடி சொன்னார்களாம்.